விரல்கள் வகுத்த இசையிலக்கணம்

இசைக் கலையில் இலக்கணம் முந்தியதா, இசைப்போர் கைப்பழக்கம் முந்தியதா என்பது பழைய வினா. இதற்கு விடை தேடி நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. இன்று கிதார் பயிலும் மாணவன் தடித்த தந்தியின் ஐந்தாம் மெட்டில் விரலை அழுத்தி மீட்டுகிறான். விரல் படாத அடுத்த தந்தி தரும் அதே ஒலி பிறக்கிறது. அதைக் கொண்டு சுருதி கூட்டும்போதே, நம்மவர் 'ஸ-ம' என வழங்கும் இடைவெளி அவனுக்கு வசப்பட்டு விடுகிறது. ஏட்டைத் திறக்குமுன் இலக்கணத்தின் முதற்பாடம் முடிந்து விடுகிறது.

இதே பாடத்தை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே பக்தாத் நகரத்து அறிஞர்கள் 'ஊத்' எனும் கருவியின் மீது நடத்தினார்கள். ஊதுக்கு அந்நாளில் தந்திகள் நான்கு. தடித்தது பம்ம், அடுத்தவை மத்லத், மத்னா, மெல்லியது ஸீர். இவற்றில் எழும் சுரங்களுக்கு அவர்கள் இட்ட பெயர்களே நம் கருத்துக்குச் சான்றாகும். விரல் படாத தந்தியின் ஒலி முத்லக். சுட்டுவிரலின் ஒலி ஸப்பாபா, நடுவிரலுடையது உஸ்தா, மோதிர விரலுடையது பின்ஸிர், சுண்டுவிரலுடையது கின்ஸிர். ஆம், விரல்களின் பெயர்களே சுரங்களின் பெயர்களாயின! பம்மின் கின்ஸிரும் மத்லத்தின் முத்லக்கும் ஒரே ஒலி என்று அவர்கள் கற்பித்ததும், கிதார் மாணவன் இன்று ஐந்தாம் மெட்டில் காண்பதும் ஒன்றே.

இதன் கணக்கும் எளியதே. 72 செ.மீ. நீளமுள்ள தந்தியை எடுத்துக் கொள்வோம். அதில் ஒன்பதில் ஒரு பங்காகிய 8 செ.மீ. தள்ளிச் சுட்டுவிரலை வைத்தால் 9:8 என்னும் விகிதம் பிறக்கும். நான்கில் ஒரு பங்காகிய 18 செ.மீ. தள்ளிச் சுண்டுவிரலை வைத்தால் 4:3. பாதியில் வைத்தால் மேல் ஸ்தாயி. இவ்வாறு நான்கு தந்திகளிலும் சுண்டுவிரல் வரை சென்றாலும் இரண்டு ஸ்தாயி நிரம்புவதில்லை. ஆகவேதான் பேரறிஞர் அல் கிந்தீ (மறைவு சுமார் 873) கணக்கை நிறைவு செய்ய ஐந்தாம் தந்தியொன்றைக் கருதிக் கொண்டார். கருவியில் கண்ட குறையே கணிதத்தை மேலே செலுத்திற்று.

கலைஞனின் விரலுக்கு அறிஞர் உலகம் தந்த மதிப்புக்கு மற்றொரு சான்றும் உண்டு. கலீபா ஹாரூன் அர் ரஷீத் காலத்து ஊத் கலைஞர் மன்ஸூர் சல்ஸல், நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் உரிய இடங்களுக்கு நடுவே ஓர் ஒலியைக் கையாண்டார். வழக்கமான கணக்கில் அது அடங்கவில்லை. 'ஏட்டில் இல்லாதது பிழை' என்று அறிஞர் அதனைத் தள்ளினார்களா? இல்லை. 'சல்ஸலின் உஸ்தா' என்று அவர் பெயராலேயே அதை வழங்கினார்கள். 950ஆம் ஆண்டில் மறைந்த அல் பாராபீ தம் 'கிதாபுல் மூஸீக்கா அல் கபீர்' என்னும் பெருநூலில் அதை அளந்து 27:22 என விகிதமும் கூறினார். இசை பயிலுதல் காலத்தால் முந்தியது, இசையியல் பிந்தியது என்பது அன்னாரின் தெளிந்த முடிபு. வான்கோளங்கள் இசை எழுப்புகின்றன என்ற பழைய கொள்கையையும் அன்னார் மறுத்தார். இஸ்ஹாக் அல் மவ்ஸிலீ (767–850) முன்னோர் நூல்களைப் படியாமலே, தம் இயல்பறிவாலும் பயிற்சியாலும் அவற்றின் முடிபுகளை எட்டினார் என்று 'கிதாபுல் அகானீ' போற்றுகிறது.

இங்கே நாம் எச்சரிக்கையாகவும் இருத்தல் வேண்டும். 'கிதாரே நம்முடையது' என்று மார்தட்டுவோர் உளர். அது முழு உண்மையன்று. ஐரோப்பியரின் 'லூட்' என்னும் கருவி, பெயராலும் வடிவாலும் 'அல் ஊத்' வழி வந்தது என்பது உறுதி. 822ஆம் ஆண்டில் குர்துபா வந்த ஸிர்யாப் ஊதுக்கு ஐந்தாம் தந்தியைச் சேர்த்தார் என்று அல் மக்கரீ எழுதுகிறார். ஆயின் கிதாரின் பெயர் 'கிதாரா' எனும் கிரேக்கச் சொல் வழியது. அதன் உடலமைப்பும் வேறு. 14ஆம் நூற்றாண்டு ஸ்பானியக் கவிஞர் ஹுவான் ரூயிஸ், மூர்களின் கிதார் என்றும் லத்தீன் கிதார் என்றும் இரண்டைத் தனித்தனியே குறிப்பிடுகிறார். 1581இல் வின்சென்ஸோ கலிலேயி மெட்டுகளுக்கு 18:17 எனும் விகிதத்தை எடுத்துரைத்தார். ஏறத்தாழச் சமமான பன்னிரண்டு பகுப்புகளை அது தருகிறது. இன்றைய கிதாரில் சல்ஸலின் ஒலிக்கு மெட்டு இல்லை. அது மூன்றாம் மெட்டுக்கும் நான்காம் மெட்டுக்கும் இடையே மறைந்து கிடக்கிறது. அரபு இசையின் 'ராஸ்த்' போன்ற மகாம்களில் அவ்வகை ஒலி இன்றும் வாழ்கிறது.

இசைக் கருவிகளைப் பற்றி மார்க்க அறிஞரிடையே நிலவும் கருத்து வேறுபாட்டை நாம் அறியாதவரல்லோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் இசை கேட்பதைப் பற்றி விரிவாக ஆய்ந்த போதும், தந்திக் கருவிகளை விலக்கப்பட்டவற்றின் வரிசையிலேயே வைத்தார்கள். அத்தீர்ப்பைப் பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. வரலாற்றை வரலாறாக அறிவதில் இரு தரப்பினருக்கும் தடை இராது.

இதை ஏன் வற்புறுத்துகிறோம்? நம் பிள்ளைகள் பள்ளியில் விதியை மனனம் செய்கிறார்கள். அது பிறந்த இடத்தைத் தொட்டறிவதில்லை. வடிவகணிதம் நூலேணியில் நிற்கிறது, பௌதிகம் தேர்வுத் தாளோடு முடிகிறது. பக்தாதின் அறிஞர்களோ தொழிற்கலைஞனின் கையைக் கூர்ந்து பார்த்தார்கள், அளந்தார்கள், பிறகே எழுதினார்கள். தம் கணக்குக்கு அடங்காத ஒலியைக் கேட்டபோது கணக்கை விரித்தார்களேயன்றிக் கலைஞனைக் கடியவில்லை. முன்னோர் பெருமையைப் பேசும் நாம், அவர்கள் அறிவு தேடிய இம்முறையையும் நம் இல்லங்களிலும் கல்விக்கூடங்களிலும் மீண்டும் கைக்கொள்வோமாக.