புகையானின் பூர்வீகம்

நெல் வயலில் பயிர் வட்டம் வட்டமாகப் புகைந்தது போல் காய்ந்தால், "புகையான் வந்துட்டுது" என்று உடனே தெளிப்பானைத் தூக்குகிறோம். கொஞ்சம் பொறுங்க. எதிரியின் பூர்வீகத்தைத் தெரிந்துகொண்டு இறங்குவோம்.

தூரின் அடியிலிருந்து ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். தலை, மார்பு, வயிறு என்று உடம்பு மூன்று பாகம். மார்பில் ஆறு கால். உள்ளே எலும்பு கிடையாது. மேலோடுதான் அதற்கு எலும்பு. ஓடு வளராது. ஆகவே சட்டையைக் கழற்றுகிற மாதிரி ஐந்து தடவை தோலுரித்துத்தான் குஞ்சு தாய்ப்பூச்சி ஆகிறது. எட்டுக் கால் இருந்தால் அது பூச்சியே அல்ல, சிலந்தி. புகையானைத் தின்னும் நம்ம கூட்டாளி!

இந்த ஆறு கால் உடம்பு பூமியில் தோன்றி ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மனிதன் தோன்றி 3 லட்சம் ஆண்டுதான். ஆதியில் பூச்சிகளுக்கு இறக்கை இல்லை. 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இறக்கை வந்துவிட்டது. பிரான்சு நாட்டு நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் 1880-களில் கிடைத்த தும்பி போன்ற பூச்சியின் இறக்கை விரிப்பு இரண்டடிக்கும் மேல்! கடித்து மெல்லும் வாய்தான் முதலில் இருந்தது. சில வம்சங்களில் அது சாறு உறிஞ்சும் ஊசியாக மாறியது. அந்த வம்சத்து வாரிசுதான் புகையான்.

மாற்றம் இன்றும் நிற்கவில்லை. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1973-இல் புகையானைத் தாங்கும் ஐ.ஆர்.26 ரகத்தை வெளியிட்டது. சில வருஷத்திலேயே அங்கும் இந்தோனேசியாவிலும் அந்த ரகத்தையும் உறிஞ்சும் புகையான் பெருகிவிட்டது. எப்படி? லட்சத்தில் சில பூச்சிகளுக்கு அந்தத் திறன் பிறவியிலேயே இருந்தது. மற்றவை பட்டினியில் மடிய, இவை பிழைத்துக் குஞ்சு பொரித்தன. மருந்து விஷயத்திலும் இதே கதைதான். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், அதைத் தாங்கும் பூச்சியை நாமே பொறுக்கி வளர்க்கிறோம். கூட்டாளி சிலந்தியையும் கொல்கிறோம்.

ஆகவே, நடும்போதே எட்டடிக்கு ஓரடி பட்டம் விடுங்கள். புகையான் கண்டால் தண்ணீரை வடித்துவிடுங்கள். பிறகு எண்ணிப் பாருங்கள். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு புகையான் சேரும்வரை மருந்து வேண்டாம். சிலந்தி இல்லையென்றால் தூருக்கு ஒன்று வந்ததுமே அடிக்கலாம். அப்போதும் மருந்து தூரின் அடியில் படவேண்டும்.

40 கோடி வருஷத்து வம்சத்தை அடியோடு அழிக்க நம்மால் ஆகாது. அடக்கி வைக்க முடியும். நாளைக் காலை வயலுக்குப் போகும்போது தெளிப்பானை வீட்டிலேயே வையுங்கள். முதலில் குனிந்து தூரைப் பாருங்கள்.