சரணடைந்த வாள்கள்

ஜப்பானியர் ஆட்சியில், 1942-43ஆம் ஆண்டுகளில், மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர் பல்லாயிரம் பேர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அன்று அதிகாரிகளின் இடுப்பில் தொங்கிய வாளை நம் பாட்டன்மார் மறக்கவில்லை.

1945 செப்டம்பர் 12ஆம் தேதி, சிங்கப்பூர் நகராண்மைக் கட்டடத்தில் ஜெனரல் இட்டகாக்கி சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். நோயுற்றிருந்த தலைமைத் தளபதி தெராவுச்சி, நவம்பர் 30ஆம் தேதி சைகோனில் தம் வாள்களை மவுண்ட்பேட்டனிடம் ஒப்படைத்தார்.

அக்கால வாள்கள் எல்லாம் பழமையானவை அல்ல. சார்ஜெண்டுகளின் வாள்கள் ஆலையில் செய்யப்பட்டவை. அலகில் எண் பொறித்திருக்கும். அதிகாரிகள் சிலரோ மூதாதையர் வாளுக்குப் புதுப் பிடியும் உறையும் மாட்டிக்கொண்டனர். பிடி, உறை, கைக்காப்புத் தகடு மூன்றையும் மாற்றலாம்; ஆகவே அவற்றைக் கொண்டு அலகின் வயதைச் சொல்ல முடியாது.

பிடியிலுள்ள மூங்கில் ஆணியைக் கழற்றினால், உள்ளே மறைந்திருக்கும் அடிப்பகுதி தெரியும். கொல்லன் தன் பெயரை வெட்டுவது அங்கேதான். அங்குள்ள துருவைத் தேய்க்கக் கூடாது. அதன் கருமை வயதைக் காட்டும் முக்கிய அடையாளம்.

வாள் செய்தவன் பெயர் இரும்பில் இருக்கிறது. ரயில் பாதையில் மடிந்த நம்மவர் பலரின் பெயர் எங்கும் இல்லை. வீட்டுப் பெரியவர்கள் சொன்ன பெயர்களையாவது நாம் இன்றே எழுதி வைப்போம்.