பரங்கிக்காயும் விதையுரிமையும்

வால்டன் குளக்கரையில் குடில் அமைத்து வாழ்ந்த ஹென்றி டேவிட் தோரோவை நாம் அறிவோம். வேளாண் கண்காட்சியில் பரங்கிக்காய்க்குப் பரிசு பெற்ற தோரோவை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். 1857ஆம் ஆண்டு வசந்தத்தில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்திலிருந்து வந்த ஆறு விதைகளை அவர் தம் தோட்டத்தில் ஊன்றினார். முளைத்தவை இரண்டே. அவற்றுள் ஒன்றில் விளைந்த காயின் எடை 123.5 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 56 கிலோ. அதை வாங்கியவர் விதையொன்றைப் பத்து சென்ட்டுக்கு விற்க எண்ணியிருந்தார் என்று 1860இல் ஆற்றிய உரையொன்றில் தோரோ குறிப்பிடுகிறார். அக்காலத்தில் காப்புரிமை அலுவலகமே குடியானவர்களுக்கு விதைகளை இலவசமாய் வழங்கிவந்தது என்பதை இங்கே நினைவிற்கொள்வோம்.

பரங்கியினத்தின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டங்கள். இந்த ராட்சத வகையின் முன்னோர் தென்னமெரிக்காவைச் சேர்ந்தவர். (கடல்கடந்து வந்தது என்பதைத் தமிழ்ப் பெயரே காட்டிக்கொடுத்துவிடுகிறது.) கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்துக் காடரிச் ஊரினரான வில்லியம் வார்னாக், 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு 400 பவுண்டுக் காயொன்றை அனுப்பினார், 1904இல் செயின்ட் லூயிஸுக்கு 403 பவுண்டு. அச்சாதனை 1976 வரை, முழுதாய் 72 ஆண்டுகள், முறியடிக்கப்படவில்லை.

கதையின் நாயகர் அதன் பின்னரே வருகிறார். நோவா ஸ்கோஷியாவின் விண்ட்சர் ஊரைச் சேர்ந்த ஹோவர்ட் டில் ஓர் எளிய குடியானவர். மரபியலை எந்தக் கல்லூரியிலும் கற்றவரல்லர். விடியற்காலையில் பெண்பூ மலரும்போது, தாம் தேர்ந்த கொடியின் ஆண்பூவைப் பறித்து வந்து கையாலேயே மகரந்தம் சேர்ப்பது, வேற்று மகரந்தத்தை வண்டுகள் கொண்டுவராதபடி பூவை மூடிக் காப்பது, சிறந்த காயின் விதையை மறு ஆண்டுக்கு எடுத்துவைப்பது: வித்தை இவ்வளவே. பல்லாண்டுப் பொறுமையின் பயனாய் 'அட்லாண்டிக் ஜெயன்ட்' பிறந்தது. 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் உலகப் பட்டம் அவருக்கே. 1981ஆம் ஆண்டுக் காய் 493.5 பவுண்டு.

1986இல் டில் தம் ரகத்துக்கு அமெரிக்கத் தாவர ரகப் பாதுகாப்புச் சான்றிதழ் பெற்றார். அதை வழங்கியது வேளாண்மைத் துறை. காப்புரிமை அலுவலகத்திடமிருந்து இலவச விதை விநியோகத்தை 1862இல் ஏற்றுக்கொண்ட அதே துறை! டில்லைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. உழைத்தவர் பயன் கோருவது நியாயமே. ஆயினும் அவருக்கு முன் பெயரறியாத எத்தனை தலைமுறையினர் அவ்விதையைத் தேர்ந்து தேர்ந்து காத்தனர்? அவர்களுக்கான சான்றிதழ் எங்கே?

நடைமுறையில் விதை வேலிக்குள் அடங்கவில்லை. வளர்ப்போர் தமக்குள் விதைகளைப் பரிமாறிக்கொள்கின்றனர். பந்தயக் குதிரைகளுக்குப் போல் தாய்க்கொடி, தந்தைக்கொடி என்று வம்சாவளி எழுதி, காயின் எடையையும் வளர்த்தவர் பெயரையும் சேர்த்தே விதைக்குப் பெயரிடுகின்றனர். கொடிக்கு ஒரே காயை விட்டு, மற்றவற்றைக் கிள்ளி எறிகின்றனர். கணுதோறும் மண்ணணைத்து வேர்விடச் செய்கின்றனர். உச்ச வளர்ச்சியில் நாளொன்றுக்கு 15 கிலோவுக்கு மேலும் எடை கூடுவதுண்டு. வேகம் மிஞ்சினால் காய் வெடித்துப் போட்டியிலிருந்தே விலக நேரும்.

2012இல் எடை 2,000 பவுண்டைக் கடந்தது. 2025இல் இங்கிலாந்தின் பேட்டன் சகோதரர்கள் 2,819 பவுண்டு, சுமார் 1,279 கிலோ, எடுத்தனர். டில் 2008இல் மறைந்தார். அவரூரில் 1999இல் தொடங்கிய விழாவில், குடைந்தெடுத்த பரங்கிக்காய்களுக்குள் அமர்ந்து மக்கள் ஏரியில் துடுப்புப் போட்டனர்.