மல்லர் களம் – 14: கடைசிப் புள்ளி

சென்ற வாரம் பெர்லினில் நிறுத்தியிருந்தோம். 1936 ஒலிம்பிக்கில் கிரேக்க-ரோமன், ஃப்ரீஸ்டைல் இரண்டிலும் ஹெவிவெயிட் தங்கத்தை எஸ்தோனியாக்காரர் கிறிஸ்தியன் பலுசாலு ஒருவரே அள்ளிக்கொண்டு போனார். இந்த வாரமும் எஸ்தோனியாதான். ஆனால் 83 வருடம் தள்ளி, தலைநகர் தாலினுக்குப் போகிறோம். போகிற வழியில் இன்னொரு எஸ்தோனியரைப் பார்க்காமல் போகமுடியாது.

மார்ட்டின் கிளைன். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக். எஸ்தோனியா அப்போது ஜார் ஆட்சியில் இருந்ததால் ரஷ்யாவுக்காக இறங்கினார். கிரேக்க-ரோமன் மிடில்வெயிட்டில் எதிரே நின்றவர் ஃபின்லாந்தின் ஆல்ஃபிரெட் அசிகைனென். கோடை வெயில், திறந்தவெளி. இருவரில் ஒருவர் மற்றவரை மல்லாத்தும்வரை ஆட்டம் முடியாது. முடியவும் இல்லை. 11 மணி 40 நிமிடம்! கடைசியில் கிளைன்தான் வென்றார். ஆனால் தங்கத்துக்கான ஆட்டத்துக்கு எழுந்து நிற்க உடம்பில் தெம்பில்லை. களமிறங்காமலே வெள்ளியோடு ஊர் திரும்பினார்.

சமபலம் கொண்ட இருவரில் யார் பெரியவர் என்று எப்படித் தீர்ப்பது? ஒருவர் விழும்வரை விட்டுவிடுவது பழைய வழி. நேரத்தைக் கட்டி, புள்ளியை எண்ணுவது இன்றைய வழி. மூன்று மூன்று நிமிடமாக இரண்டு சுற்று, நடுவில் 30 நொடி இடைவேளை. எதிராளியைத் தரைக்குக் கொண்டுவந்து கட்டுக்குள் வைத்தால் 2 புள்ளி. வட்டத்துக்கு வெளியே தள்ளினால் 1. ஃப்ரீஸ்டைலில் பத்துப் புள்ளி முன்னிலை வந்துவிட்டால் அங்கேயே ஆட்டம் முடிந்தது. புள்ளியும் சமமாகிவிட்டால்? அதற்கும் கணக்கு இருக்கிறது. பெரிய பிடி போட்டது யார், எச்சரிக்கை குறைவாக வாங்கியது யார் என்று பார்ப்பார்கள். அதிலும் பிரிக்க முடியாவிட்டால், கடைசிப் புள்ளியை எடுத்தவர் வென்றவர்.

2019 ஆகஸ்டில் தாலினில் நடந்த உலக ஜூனியர் மல்யுத்தத்தில், 86 கிலோ ஃப்ரீஸ்டைல் தங்கம் இந்தக் கடைசி விதியில்தான் முடிவானது.

வென்றவர் ஹரியானாவின் ஜஜ்ஜர் மாவட்டம், சாரா கிராமத்து தீபக் புனியா. வயது 20. ஜூனியரில் அதுவே கடைசி வருடம். ஊரில் அவரைக் கூப்பிடுவது ‘கேத்லி பயில்வான்’ என்று. கேத்லி என்றால் நம் டீக்கடை கெட்டில்தான். நாலு வயதில் ஊர்த்தலைவர் ஒரு கெட்டில் பாலை நீட்ட, பையன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு அடுத்த கெட்டிலுக்குக் கை நீட்டினானாம். நாலைந்து கெட்டில் காலியானது என்கிறார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்வதாகவும் இருக்கலாம். பயில்வான் கதை என்றால் பால் பொங்கத்தானே செய்யும்!

அப்பா பால் வியாபாரி. தீபக் 2015-ல் டெல்லி சத்ரசால் ஸ்டேடியத்துக்குப் பயிற்சிக்குப் போனதும், வீட்டிலிருந்து பாலும் பழமும் எடுத்துக்கொண்டு 60 கிலோமீட்டர் போவது அப்பாவின் அன்றாட வேலையாயிற்று. பையனுக்கோ மல்யுத்தம் ஒரு வேலைக்கான வழி, அவ்வளவுதான். 2016-ல் ராணுவத்தில் சிப்பாய் வேலை வாய்ப்பு வந்தபோது, முதலில் விளையாட்டைப் பிடி, வேலை தானாக உன் பின்னால் வரும் என்று தடுத்தவர் மல்யுத்த வீரர் சுஷில் குமார். அதே 2016-ல் தீபக் திபிலீசியில் உலக கேடட் பட்டம் வென்றார். 2018-ல் ஸ்லோவாக்கியாவின் த்ர்னாவாவில் நடந்த உலக ஜூனியரில் வெள்ளி. ராணுவ வேலையும் பின்னாலேயே வந்தது, சிப்பாயாக அல்ல, நாயப் சுபேதாராக.

தாலினில் காலிறுதி சுலபம், ஹங்கேரிக்காரரை 10-1 என்று முடித்தார். அரையிறுதி அப்படியில்லை. ஜார்ஜியாவின் மிரியானி மைசுராட்சேயோடு 3-2. மயிரிழைதான்.

இறுதி ஆட்டம் மறுநாள். இரண்டு நாள் முறை 2018-ல் வந்தது. முன்பெல்லாம் போட்டிக்கு முந்தின நாளே எடை பார்த்துவிடுவார்கள். வீரர்கள் பட்டினி கிடந்து, வியர்வை சிந்தி, எடை காட்டிவிட்டு, இரவோடு இரவாகச் சாப்பிட்டு ஏற்றிக்கொள்வார்கள். அதைத் தடுக்கத்தான் ஆட்டத்தன்று காலையிலேயே தராசு வைத்தார்கள். இரண்டாம் நாள் ஆடுகிறவர் இரண்டாம் முறையும் ஏற வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதி ஆட்டத்தன்று காலை, 50 கிலோவுக்கு மேல் 100 கிராம் காட்டி வினேஷ் போகாட்டை வெளியேற்றியது இதே இரண்டாம் நாள் தராசுதான். விதியின் நோக்கம் நல்லதுதான். அது கிடுக்கிப்பிடி போடும் இடம்தான் கொடுமை.

எதிரே ரஷ்யாவின் அலிக் ஷெப்சுகோவ். பெரிய வீச்சு எதுவும் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் நன்றாகப் படித்திருந்தார்கள். ஆறு நிமிடம் முடிந்தபோது பலகையில் 2-2. கடைசிப் புள்ளி தீபக்குடையது. நடுவர் அவர் கையைத் தூக்கினார்.

2001-ல் ரமேஷ் குமாரும் பல்விந்தர் சிங் சீமாவும் வென்ற பிறகு, இந்தியாவுக்கு 18 வருடம் கழித்து வந்த உலக ஜூனியர் தங்கம் அது. ‘2-2ல் என்ன வெற்றி?’ என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில், கிளைனின் 11 மணி 40 நிமிடம். யாரும் சாகாமல் முடிவு தெரிய வேண்டுமென்றால் இப்படி ஒரு விதி வேண்டியிருக்கிறது.

அடுத்த மாதமே, அப்போது நூர்-சுல்தான் என்றழைக்கப்பட்ட கஜகஸ்தான் தலைநகரில் சீனியர் உலகப் போட்டி. அங்கேயும் இறுதிவரை போனார். எதிரே ஈரானின் ஹசன் யஸ்தானி. கணுக்கால் காயம் விடவில்லை. களமிறங்காமலே வெள்ளி. 107 வருடம் முன்பு கிளைன் வாங்கிய அதே மாதிரி வெள்ளி.

பிறகு டோக்கியோ. கொரோனாவால் தள்ளிப்போய் 2021-ல் நடந்த அந்த ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்கான ஆட்டம், சான் மரினோவின் மைல்ஸ் அமீனோடு. ஒரு சிறு நகரத்துக்குள் அடங்கிவிடும் மக்கள்தொகை கொண்ட நாடு அது. தீபக் 2-1 என்று முன்னால் இருந்தார். ஏறக்குறைய பத்து நொடி பாக்கி. அமீன் காலைப் பிடித்து இழுத்து வீழ்த்திவிட்டார்.

(களம் தொடரும்)