வேகக் குற்றமும் வழக்கறிஞரும்: ஒரு வரலாற்று நோக்கு



வேக வரம்பை மீறியமைக்காக வீட்டுக்குக் கடிதம் ஒன்று வருகின்றது. அதில் அபராதத் தொகை குறிக்கப்பட்டிருப்பின் பெரும்பாலோர் பணத்தைச் செலுத்திவிட்டு அதனை மறந்துவிடுகின்றனர். தொகைக்குப் பதிலாக நீதிமன்றத்தில் முன்னிலையாக வேண்டிய நாள் குறிக்கப்பட்டிருந்தாலோ குடும்பமே கலங்கிப்போகின்றது. "வழக்கறிஞரை அமர்த்த வேண்டுமா? குற்றத்தை ஒப்புக்கொண்டு நாமே முடித்துவிடலாமா?" என்னும் வினா எழுகின்றது. மோட்டார் சைக்கிள் ஓட்டும் மகனோ, லாரி ஓட்டிப் பிழைக்கும் தந்தையோ உள்ள வீடுகளுக்கு இது வெறும் சட்ட வினா அன்று. பிழைப்பைப் பற்றிய வினா. இதற்கு விடை காணும் முன் நம் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது பயன் தரும்.

தேர்க்காலும் கன்றும்

தமிழர் அறிந்த மிகப் பழைய சாலை வழக்கு மனுநீதிச் சோழனுடையது. திருவாரூர் வீதியில் இளவரசன் ஓட்டிச் சென்ற தேரின் சக்கரத்தில் சிக்கிக் கன்று ஒன்று மாண்ட கதையைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கின்றார். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அம்மன்னனுக்குச் சிலையும் உண்டு. வகுப்பறையில் நாம் மன்னனின் நேர்மையை மட்டுமே எடுத்துரைக்கின்றோம். அமைச்சர்கள் இளவரசனுக்காகப் பரிந்து பேசியதை விரைந்து கடந்துவிடுகின்றோம். நூல்களில் விதித்த கழுவாயே போதும் என்று அவர்கள் வாதிட்டனர். கன்று இறந்ததை அவர்கள் மறுக்கவில்லை. தண்டனையின் அளவைப் பற்றி மட்டுமே பேசினர். மன்னன் அதனை ஏற்கவில்லை என்பது வேறு. எனினும் இக்கால நீதிமன்றத்தில் தண்டனைக் குறைப்பு வேண்டுகோள் என வழங்குவது இதுவே.

கோவலனுக்கோ அத்துணை வாய்ப்பும் கிட்டவில்லை. அவன் பக்கம் நின்று பேச ஒருவரும் இல்லை. கண்ணகி வழக்குரைத்தது தண்டனை நிறைவேறிய பின்னரே. தீர்ப்புக்கு முன் ஒருவன் தரப்பைக் கேட்டல், குற்றம் உறுதியானபின் தண்டனையை அளந்து விதித்தல் ஆகிய இரண்டுக்கும் உதவுவதே வழக்கறிஞரின் பணி.

மாட்டுவண்டி முதல் மோட்டார் வரை

சிங்கப்பூரில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் மோட்டார் வாகனத்துக்கு முந்தியது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பின்பற்றி நீரிணைக் குடியேற்றங்களுக்கு இயற்றப்பட்ட தண்டனைச் சட்டம் 1872இல் நடைமுறைக்கு வந்தது. பொது வழியில் கண்மூடித்தனமாக வண்டியோட்டுவதை அதன் 279ஆம் பிரிவு குற்றமாக்கிற்று. அக்காலச் சிராங்கூன் சாலையை எண்ணிப் பாருங்கள். மாட்டுக் கொட்டில்களும் மாட்டுவண்டிகளும் நிறைந்த வட்டாரம் அது. எருமைச் சாலை என்னும் பெயர் இன்றும் அதற்குச் சான்று. அருகிலிருந்த குதிரைப் பந்தயத் திடல் 1933இல் புக்கித் தீமாவுக்கு மாறிற்று. ரேஸ் கோர்ஸ் சாலை என்னும் பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. 1880இல் ரிக்சாவும் 1896இல் முதல் மோட்டார் வாகனமும் இத்தீவுக்கு வந்தன.

இன்று நம்மை ஆளும் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1961இல் இயற்றப்பட்டது. வாகனங்கள் பெருகப் பெருக, ஒவ்வொரு சிறு குற்றத்தையும் நீதிபதி விசாரித்தல் இயலாததாயிற்று. ஆகவே சிறு மீறல்களை அபராதத்தோடு முடித்துக்கொள்ளும் முறை வளர்ந்தது. பணமுள்ளவர் அபராதத்தைப் பொருட்படுத்தார் என்பதால், 1983இல் இன்றைய குற்றப்புள்ளி முறையும் வந்தது. 24 மாதங்களுக்குள் 24 புள்ளிகள் சேர்ந்தால் முதன்முறை 12 வாரங்களுக்கு உரிமம் இடைநிறுத்தப்படும். உரிமம் பெற்று ஓராண்டு நிறைவதற்குள் 13 புள்ளிகள் சேர்ந்தால் புதிய ஓட்டுநரின் உரிமம் பறிக்கப்படும். 2026 ஜனவரி முதல் நாளிலிருந்து வேகக் குற்றங்களுக்கான புள்ளிகளும் அபராதமும் மேலும் உயர்த்தப்பட்டுள்ளன.

இவ்வரலாற்றிலிருந்து ஒன்று தெளிவாகின்றது. சிறியவற்றையெல்லாம் அரசு நீதிமன்றத்துக்கு வெளியே அனுப்பிவிட்டது. வரம்பைவிட மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் விரைந்தோர் போன்றவர்களே நீதிமன்றத்துக்கு அழைக்கப்படுகின்றனர். அழைப்பு வந்துவிட்டது என்றால், அங்கு அபராதத்துக்கும் மேலானது பணயத்தில் உள்ளது என்பது பொருள். ஓராண்டோ அதற்கு மேலோ வாகனம் ஓட்டத் தடை விதிக்கப்பட்டால் உரிமம் செல்லாததாகிவிடும். தேர்வுகளை மீண்டும் எழுதித் தேற வேண்டும். தடைக்காலத்தில் ஓட்டினாலோ மூன்றாண்டு வரை சிறை செல்ல நேரும்.

வழக்கறிஞர் யாருக்குக் கிட்டினார்?

கைது செய்யப்பட்டவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும் அவரைக் கொண்டு தற்காத்துக்கொள்ளவும் உரிமையுண்டு என்று நம் அரசியலமைப்பின் 9ஆம் விதி கூறுகின்றது. உரிமை ஏட்டில் இருப்பது வேறு. கட்டணம் கையில் இருப்பது வேறு. 1958இல் தொடங்கிய அரசின் சட்ட உதவிப் பிரிவு குடும்ப வழக்குகள் முதலான உரிமையியல் வழக்குகளுக்கே உதவிற்று. குற்றவியல் வழக்கில் சிக்கிய ஏழைகளுக்கென வழக்கறிஞர் சங்கம் 1985இல்தான் ஓர் உதவித் திட்டத்தைத் தொடங்கியது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அரசே தற்காப்பு வழக்கறிஞர்களை அளிக்கும் அலுவலகம் 2022இல்தான் அமைந்தது. வருமானம், வழக்கின் தன்மை ஆகியவற்றை ஆராய்ந்தே அங்கு உதவி வழங்கப்படும்.

வழக்கறிஞரால் என்ன ஆகும் என்பதற்குத் தேக்காவிலேயே ஒரு சான்று உண்டு. 2013 டிசம்பர் 8ஆம் நாள் இரவு ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில் தனியார் பேருந்து மோதித் தமிழகத் தொழிலாளர் ஒருவர் மாண்டார். அதனைத் தொடர்ந்த கலவரத்தில் 25 இந்தியத் தொழிலாளர்மீது குற்றம் சாட்டப்பட்டது. மொழியும் சட்டமும் அறியாத அவர்களுள் சிலருக்கு வழக்கறிஞர்கள் கட்டணமின்றி முன்வந்து உதவினர். சிலர் மீதான கலவரக் குற்றச்சாட்டு, கலைந்து செல்லும் ஆணைக்குக் கீழ்ப்படியாமை என்னும் இலகுவான குற்றச்சாட்டாக மாற்றப்பட்டது. முதலில் எழுதப்பட்ட குற்றச்சாட்டே முடிவானது என்று கருத வேண்டியதில்லை. அரசுத் தரப்புக்கு முறையீட்டுக் கடிதம் எழுதி, அதனை மறுபரிசீலனை செய்யுமாறு கோர வழியுண்டு. அக்கடிதத்தில் எதனைச் சொல்ல வேண்டும், எதனைச் சொல்லக் கூடாது என்பதை அறிந்தவர் வழக்கறிஞரே.

வாழ்வாதாரம் என்னும் வாதம்

"உரிமம் போனால் என் குடும்பம் பட்டினி கிடக்கும்" என்று சொன்னால் நீதிபதி இரங்குவார் என்று பலர் நம்புகின்றனர். இந்நம்பிக்கை முழுவதும் சரியன்று. 1946இல் இங்கிலாந்தின் தலைமை நீதிபதி கோடார்டு பிரபு, ஓட்டத் தடையைத் தவிர்ப்பதற்கான சிறப்புக் காரணம் குற்றம் நிகழ்ந்த சூழலைச் சார்ந்ததாக இருக்க வேண்டும், குற்றவாளியின் சொந்த இடர்ப்பாட்டைச் சார்ந்ததாக இருத்தல் ஆகாது என்று விளக்கினார். சிங்கப்பூர் நீதிமன்றங்களும் அந்நெறியைப் பின்பற்றி வந்துள்ளன. காப்புறுதி இன்றி ஓட்டுதல் போன்று தடை கட்டாயமான குற்றங்களில் இதுவே அளவுகோல். வேகக் குற்றத்தில் தடை விதிப்பதும் அதன் காலமும் நீதிபதியின் முடிவுக்கு உட்பட்டவை. ஆயினும் வேலையிழப்பை மட்டும் நம்பிச் செல்வது ஏமாற்றத்தில் முடியக்கூடும். அன்றைய சாலை நிலை, முந்தைய ஓட்டுநர் பதிவு, உடனே ஒப்புக்கொண்ட நேர்மை ஆகியன எடுத்துரைக்கத்தக்கவை.

2025 ஜனவரியில் நாடாளுமன்றம் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்திற்று. அபாயகரமாகவோ கவனக்குறைவாகவோ ஓட்டி மரணமோ கடுங்காயமோ விளைவித்தவர்களுள் முதன்முறைக் குற்றவாளிகளுக்கு இருந்த குறைந்தபட்சக் கட்டாயத் தண்டனை நீக்கப்பட்டது. வேகம் விபத்தில் முடியும்போது வரக்கூடிய வழக்குகள் இவை. நீதிபதியின் கைக்கு மீண்டும் அளவுகோல் வந்திருப்பதால் அவர்முன் வைக்கப்படும் சொல்லுக்கும் எடை கூடியுள்ளது.

இனி முடிவெடுப்பது எவ்வாறு?

அபராதச் சீட்டு மட்டும் வந்து, செய்தது உண்மையெனில், செலுத்திவிடலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆயினும் அதனோடு சேரும் புள்ளிகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். நீதிமன்ற அழைப்பு வந்தால் ஒருமுறையேனும் சட்ட ஆலோசனை பெறுங்கள். சமூகச் சட்ட ஆலோசனை மையங்களில் தன்னார்வ வழக்கறிஞர்கள் இலவசமாக வழிகாட்டுகின்றனர். ஆலோசனை பெறாமல் முதல் நாள் வந்துவிட்டால், வழக்கறிஞரை அமர்த்த அவகாசம் வேண்டும் என்று நீதிமன்றத்தில் கேட்கலாம். யாரேனும் காயமுற்றிருந்தாலோ, முன்பே குற்றப்பதிவு இருந்தாலோ, சிறைக்கு வாய்ப்பிருந்தாலோ, ஓட்டுவதே தொழிலாக இருந்தாலோ வழக்கறிஞரை அமர்த்துவதே அறிவுடைமை. கட்டணத்தையும் அதில் அடங்கும் பணிகளையும் முன்னரே எழுத்தில் பெறுக. வேகக் கேமராவின் பதிவை மறைத்துவிடுவதாக எவரேனும் வாக்களித்தால் அவரை விட்டு விலகுக.

பெற்றோர் சிலர் வேறொரு வழியை நாடுகின்றனர். மகனின் உரிமத்தைக் காக்க, ஓட்டியது தாமே என்று தந்தை எழுதிக் கொடுத்துவிடுகின்றார். ஓட்டுநர் யார் என்று பொய்த்தகவல் அளிப்பது தனிக் குற்றம். இந்நாட்டில் அதற்காகச் சிறை சென்றோர் உளர். புள்ளிகளில் தொடங்கியது சிறையில் முடிகின்றது. மேலும், தவற்றின் விலையைப் பிறர் தலையில் கட்டலாம் என்னும் பாடத்தை மகன் கற்றுக்கொள்கின்றான்.

வழக்கறிஞரை அமர்த்துவது நேர்மைக்கு மாறானது என்று எண்ணுவோரும் உள்ளனர். நீதிமன்றத்தைத் தவறான வழியில் நடத்த வழக்கறிஞருக்கு அனுமதி இல்லை. "ஆம், நான் விரைந்து ஓட்டினேன்" என்று ஒப்புக்கொண்ட பின்னும், தண்டனை குற்றத்தின் அளவுக்கு ஏற்ப அமைய வேண்டும் என்று கேட்க ஒருவருக்கு உரிமையுண்டு. பிள்ளைகளுக்கு உண்மை பேசக் கற்பிக்கும் நாம், அந்த உண்மையை முறைப்படி எடுத்துரைக்கத் துணை தேடுவதில் இழிவில்லை என்பதையும் சேர்த்தே கற்பிப்போம்.