அரசு மருத்துவமனைகளின் மருந்துக் கொள்முதலில் வழங்குநர் மதிப்பீடு: பம்பாய் 1986, தமிழ்நாடு 1995

ஆய்வுச் சுருக்கம்

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வழங்கும் நிறுவனங்களை மதிப்பிடும் முறை, கொள்முதலின் விலை, தரம், காலந்தவறாமை ஆகியவற்றை எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. பம்பாய் கிளிசரால் துயரமும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் நடைமுறையும் ஒப்புநோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மருந்துக் கொள்முதல், வழங்குநர் மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி, தரச் சோதனை, கறுப்புப் பட்டியல்.

முன்னுரை

மருந்துக் கொள்முதல் வரலாறு பெரும்பாலும் விலையின் வரலாறாகவே எழுதப்படுகிறது. குறைந்த விலைப்புள்ளியை ஏற்பது பொதுப்பணத்தைக் காக்கும் நெறி என்பதில் ஐயமில்லை. ஆயினும் மருந்து, விலையைக் கொண்டோ தோற்றத்தைக் கொண்டோ தரம் அறியத்தக்க பொருளன்று. அதனை உட்கொள்ளும் நோயாளிக்கோ பரிந்துரைக்கும் மருத்துவருக்கோ அதன் தூய்மையை அறியும் வழி இல்லை. எனவே ‘யாரிடம் வாங்குவது’ என்ற வினா, ‘என்ன விலைக்கு வாங்குவது’ என்ற வினாவிற்கு முற்பட்டதாகிறது.

பம்பாய்த் துயரம்

1986ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பம்பாய் ஜே. ஜே. மருத்துவமனையில் கிளிசரால் கொடுக்கப்பட்ட நோயாளிகளுள் 14 பேர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அக்கிளிசராலில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் கலந்திருந்தது. தொழிற்சாலைப் பயன்பாட்டிற்குரிய பொருள், இடைத்தரகர்களைக் கடந்து, மருந்து என்ற பெயரில் மருத்துவமனையை அடைந்திருந்தது. இதனை விசாரித்த நீதிபதி லென்டின் ஆணையம், மருத்துவமனையின் கொள்முதல் நடைமுறை, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு நிருவாகம், அரசியல் தலையீடு ஆகியவற்றைக் கடுமையாகக் கண்டித்தது.

இந்நிகழ்வில் மூன்று இடைவெளிகள் புலப்படுகின்றன. வழங்குநரின் தகுதி முறையாக ஆராயப்படவில்லை. வந்த சரக்கு நோயாளியைச் சேருமுன் சோதிக்கப்படவில்லை. குறைகாணும் பொறுப்புடைய நிருவாகம் வாங்குவோருக்குத் துணைநிற்கவில்லை. இவற்றுள் ஏதேனும் ஒன்று ஒழுங்காக நிகழ்ந்திருப்பினும் அந்த நஞ்சு நோயாளியைச் சென்றடையும் வாய்ப்புக் குறைந்திருக்கும்.

தமிழ்நாட்டின் மாற்றம்

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 ஜூலையில் நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டு, 1995இல் மருந்து வழங்கலைத் தொடங்கியது. மையக் கொள்முதலும் மாவட்டக் கிடங்குகளும் இதன் பேசப்பட்ட சிறப்புகள். எனினும் இவ்வமைப்பின் அச்சாணியாக விளங்குவது வழங்குநர் மதிப்பீடே ஆகும். அது மூன்று நிலைகளில் அமைந்தது.

முதலாவது, நுழைவு நிலை. ஒப்பந்தப்புள்ளி இரண்டு உறைகளில் பெறப்பட்டது. உற்பத்தி உரிமம், நல்லுற்பத்தி நடைமுறைச் சான்று, சந்தை அனுபவம், ஆண்டு விற்றுமுதல் ஆகியன முதல் உறையில் ஆராயப்பட்டன. அதில் தேறியவர்களின் விலை உறை மட்டுமே திறக்கப்பட்டது. இதனால் விலைப்போட்டி, தகுதியுடையோரிடையே நிகழும் போட்டியாக மாறியது.

இரண்டாவது, வழங்கல் நிலை. கிடங்கிற்கு வந்த தொகுதிகளிலிருந்து மாதிரிகள் எடுக்கப்பட்டு, உற்பத்தியாளர் பெயர் மறைக்கப்பட்டு, குறியீட்டு எண்ணுடன் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகங்களுக்கு அனுப்பப்பட்டன. சோதனையில் தேறிய பின்னரே மருந்து மருத்துவமனைகளுக்கு விடுவிக்கப்பட்டது. பெயர் அறியாத ஆய்வகத்தை வழங்குநர் அணுகுதல் அரிது என்பதே இம்மறைப்பின் பயன்.

மூன்றாவது, விளைவு நிலை. தரம் தவறியோரும் காலத்தில் வழங்காதோரும் தண்டத்தொகைக்கும் கறுப்புப் பட்டியலுக்கும் உள்ளாயினர். மறுபுறம், தேறிய சரக்கிற்கு உரிய காலத்தில் பணம் வழங்கப்பட்டது. இவ்வொழுங்கு பெரிதும் கவனிக்கத்தக்கது. பணம் எப்போது வரும் என்று தெரியாத வழங்குநர், அந்தக் காத்திருப்பின் செலவையும் விலையில் ஏற்றுவார். காலத்தில் பணம் பெறும் வழங்குநரிடமே கண்டிப்பான தரத்தை நியாயமாக எதிர்பார்க்க இயலும். மதிப்பீடு இருவழிப்பட்டது என்பதற்கு இதுவே சான்று.

1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், மதிப்பீட்டு அளவுகோல்களை முன்கூட்டியே அறிவித்தல், மேல்முறையீட்டு உரிமை ஆகியவற்றிற்குச் சட்ட அடித்தளம் அமைத்தது.

மதிப்பீட்டின் எல்லைகள்

இம்முறைக்கும் எல்லைகள் உண்டு. விற்றுமுதல் வரம்பு, நல்ல தரத்தில் உற்பத்தி செய்யும் சிறு நிறுவனங்களையும் விலக்கக்கூடும். ஒரு மருந்திற்கு ஓரிரு வழங்குநர்களே எஞ்சும் நிலையில், ஒருவரைக் கறுப்புப் பட்டியலில் சேர்ப்பது தட்டுப்பாட்டிற்கு வழிகோலும். தட்டுப்பாட்டிற்கு அஞ்சித் தண்டிக்கத் தயங்கினால் மதிப்பீடு வெறும் சடங்காகும். கையிருப்பில் இல்லாத மருந்தை மருத்துவமனைகள் உள்ளூரில் வாங்கும்போது மேற்கூறிய சோதனைகள் முழுமையாகப் பொருந்துவதில்லை. பம்பாயில் கண்ட இடைவெளி மீண்டும் திறக்கும் இடம் அதுவே. ஆகவே தட்டுப்பாடு என்பது வழங்கல் சிக்கல் மட்டுமன்று. தரப் பாதுகாப்பின் சிக்கலும் ஆகும்.

முடிவுரை

வழங்குநர் மதிப்பீடு கொள்முதலைத் தாமதப்படுத்தும் கூடுதல் சுமை என்ற கருத்து மேற்கண்ட வரலாற்றால் வலுவிழக்கிறது. மதிப்பீடு இல்லாத இடத்தில் குறைந்த விலை, உயிர்களால் ஈடுசெய்யப்பட்டது. மதிப்பீடு நுழைவு, வழங்கல், விளைவு என்ற மூன்று நிலைகளிலும் தொடர்ந்த இடத்தில் விலையும் தரமும் ஒன்றுக்கொன்று பகையாகவில்லை. சான்றிதழ்களைச் சரிபார்ப்பதோடு நின்றுவிடும் மதிப்பீடு அரைகுறையானது. ஒவ்வொரு தொகுதியின் சோதனை முடிவும் அடுத்த ஒப்பந்தப்புள்ளியின் தகுதி ஆய்வுக்குத் திரும்பி வரும்போதே அது முழுமை பெறுகிறது. உள்ளூர்க் கொள்முதலையும் இவ்வளையத்திற்குள் கொணர்வதே இனி எஞ்சியுள்ள பணியாகும்.