உத்தர ஸ்வாமிமலையும் மீவா மலையும்

1973ஆம் வருஷம் மே மாதக் கடைசியில், ஜியாலஜி பட்டமும் ஒரு தகரப் பெட்டியுமாக டில்லி வந்து சேர்ந்தேன். வந்த இரண்டாவது வாரமே ராமகிருஷ்ணபுரம் கோயிலில் கும்பாபிஷேகம். அறையில் உடன் இருந்த பெரியவர் சொல்லிக் கொடுத்தபடி ஸ்கூட்டர் ரிக்ஷாக்காரரிடம் "மலை மந்திர்" என்றேன். அவர் சிரித்தார். ஹிந்தியில் 'மலாயி' என்றால் பாலேடு. பாலேட்டுக்கு ஒரு கோயிலா என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அந்தப் பெயரை நான் இன்றும் ரசிக்கிறேன். பாதி தமிழ், பாதி ஹிந்தி. அஸ்திவாரக் கல் நாட்டிய வருஷத்தை நினைத்தால் இன்னும் ரசிக்கும்படி இருக்கிறது. 1965 ஜனவரியில் ஹிந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் தமிழகம் பற்றி எரிந்தது. அப்போது முதலமைச்சராக இருந்த பக்தவத்ஸலம் அவர்களே, அதே வருஷம் செப்டம்பர் 8ஆம் தேதி இங்கு வந்து கல் நாட்டினார். நம் மாநிலத்துக்கு அன்று மதராஸ் என்றுதான் பெயர். தமிழ்நாடு ஆனது 1969இல்.

தேதியையும் கவனிக்க வேண்டும். பாகிஸ்தானுடன் யுத்தம். இரண்டு நாள் முன்னால்தான் நம் படை லாகூர் பக்கம் எல்லையைத் தாண்டியிருந்தது. டில்லியில் இரவில் விளக்கணைப்பு. அந்த நிலையிலும் தேதியைத் தள்ளிப் போடவில்லை. என் அறைப் பெரியவர் அந்த விழாவுக்குப் போனவர். கிளார்க் சம்பளத்தில் மாதாமாதம் கோயில் கட்ட ஏதோ ஒரு தொகை கொடுத்தவர். எவ்வளவு கொடுத்தார், யார் வந்து வாங்கிப் போனார்கள் என்று நான் கேட்டதே இல்லை. இருபத்திரண்டு வயதில் அதெல்லாம் கேட்கத் தோன்றாது. கேட்க வேண்டும் என்று தோன்றியபோது அவர் இல்லை.

கல்வெட்டில் பிரமுகர்கள் பெயர் இருக்கும், அது முறைதான். ஆனால் கரோல்பாக், வினய்நகர், லோதி காலனி குவார்ட்டர்ஸ்களில் இருந்த எத்தனை பேர் எப்படிக் கொடுத்தார்கள் என்பதை எழுதி வைத்தவர்கள் குறைவு. நம் அங்கத்தினர்களில் எண்பதைத் தாண்டியவர்கள் யாராவது அந்த நாட்களில் டில்லியில் இருந்திருந்தால், தயவு செய்து ஒரு பக்கமாவது எழுதி அனுப்புங்கள்.

1973 ஜூன் 7, கும்பாபிஷேகம். டில்லி ஜூன் வெயில் தெரிந்தவர்களுக்கு வர்ணனை வேண்டாம். கால் சுட்டது. நான் மட்டும் படிப்பின் தோஷத்தால் ஸ்வாமியைப் பார்ப்பதற்கு முன் பாறையைப் பார்த்துக் கொண்டிருந்தேன். இந்தக் குன்று ஆரவல்லியின் வடகோடியில், டில்லி ரிட்ஜ் என்கிறோமே, அதன் ஒரு சிறு துண்டு. கல் குவார்ட்சைட். வயது நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல். இமயமலை இதற்குக் கொள்ளுப்பேரன் ஸ்தானம்கூட இல்லை. துக்ளகாபாத் கோட்டைச் சுவரில் இருப்பதும் இந்தக் கல்தான். சுவருக்கு உதவும், சிற்பத்துக்கு உதவாது. உளி வைத்தால் சில்லு சில்லாகத் தெறிக்கும். ஆகவே வடக்கத்திய குவார்ட்சைட் மேல் கருங்கல்லால் சோழர் பாணியில் கோயில் எழுந்தது. சுற்றிலும் இருந்தது நம் ஊர்ச் சீமைக் கருவேலம்! வெள்ளைக்காரர்கள் ரிட்ஜில் கொண்டு வந்து வைத்தது. இங்கே விலாயதி கீகர் என்பார்கள்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள மூல ஸ்வாமிமலை எப்படி? அது மலையே அல்ல, கட்டுமலை. காவிரி வண்டலில் பாறைக்கு எங்கே போவது? மனிதர்களே குன்றைக் கட்டி, பிரபவ முதல் அறுபது வருஷங்களுக்கும் ஒரு படியாக அறுபது படி வைத்தார்கள். தகப்பனுக்குப் பிரணவத்தை உபதேசித்த பிள்ளை உயரத்தில் இருக்க வேண்டாமா? டில்லியில் அந்தச் சிரமம் இல்லை. மலை தயாராகக் காத்திருந்தது. மயில்கூட ரிட்ஜில் தானாகவே இருந்தது.

1988இல் பயிற்சிக்காக அரசாங்கம் என்னை ஆறு வாரம் ஒசாகாவுக்கு அனுப்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி, நாரா பக்கத்தில் ஓமீவா என்ற ஷிண்டோ ஆலயத்துக்குப் போனேன். 1664இல் ஷோகுன் தொகுகாவா இயெத்ஸுனா கட்டுவித்த தொழுகை மண்டபம் இருக்கிறது. அதற்குப் பின்னால் கர்ப்பக்கிரகத்தைத் தேடினேன். கிடையாது! பின்னால் நிற்கும் 467 மீட்டர் உயர மீவா மலையே தெய்வம். மரம் வெட்டக் கூடாது. ஏற விரும்புகிறவர்கள் பதிவு செய்து, கழுத்தில் ஒரு வெள்ளைப் பட்டை அணிந்து போக வேண்டும். மேலே சாப்பாடு, போட்டோ கூடாது. ஒரு கல்லைக்கூட எடுத்து வரக் கூடாது. திருவண்ணாமலையில் கிரிவலம் போனவனுக்கு இதில் விளக்கம் தேவைப்படவில்லை. வாசலில் கை, வாய் அலம்பிக் கொண்டு நுழைவதும் அப்படித்தான்.

மீவா, ஸோமென் என்ற மெல்லிய கோதுமைச் சேவைக்குப் பேர் போன ஊர். தொட்டுக் கொள்ளும் சாற்றில் மீன் இருக்கும் என்றதால் உப்பு மட்டும் போட்டுச் சாப்பிட்டேன். ஆத்து சேவைக்கு ஈடில்லை. ஆனால் பசிக்கு அமிர்தம்.

ஒரு வித்தியாசம் மனதில் நின்றது. அவர்கள் மலையை அப்படியே விட்டு வணங்குகிறார்கள். நாம் மலையைக் கண்டால் கட்டாமல் இருக்க மாட்டோம். நம் குன்றிலும் 1990 ஜூன் 13இல் பாண்டியர் பாணியில் மீனாக்ஷி, சுந்தரேசுவரர், கற்பக விநாயகர் சந்நிதிகளுக்குக் கும்பாபிஷேகம் ஆயிற்று. அழகாகவே இருக்கின்றன, குறை சொல்லவில்லை. ஆனால் கொஞ்சம் பாறை பாறையாகவே இருக்கட்டும் என்று என் மனசு கேட்கிறது. ஜியாலஜிக்காரனின் பிடிவாதம் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

போன தை கிருத்திகைக்குப் பேரனுடன் போனேன். 2018இல் மெட்ரோ வந்த பிறகு யாரும் பாலேட்டைக் குழப்பிக் கொள்வதில்லை. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பஞ்சாபிக் குடும்பம்; விபூதியை இலகுவாக இட்டுக் கொண்டார்கள். முழங்கால் காரணமாக நான் நாலு இடத்தில் உட்கார்ந்தேன். மூன்றாவது இடத்தில் பேரன் பாறைச் சில்லு ஒன்றைப் பொறுக்கி, "தாத்தா, இது என்ன கல்?" என்றான். சொன்னேன். ஸ்கூலுக்கு எடுத்துப் போகலாமா என்றான். மீவா கதையைச் சொன்னேன். அவன் யோசித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, கையைத் தட்டிக் கொண்டு எனக்கு முன்னால் ஏறிப் போனான்.